மலையில் நாய் படுத்த அதிசயம்

அந்த வசந்தத்தில் எங்கள் மலையேறி வந்த யாத்ரீகர்களில் பாதிப் பேருக்கு, பாதை போய்ச் சேரும் சந்தியாகப்பரின் கல்லறை இரண்டாம்பட்சம். அவர்கள் நாயைப் பார்க்க வந்தார்கள்.

நாய் கணவாய்க்கு அந்தப் பக்கம், இடிந்த ஆட்டுப்பட்டி ஓரம் நின்றது. கன்றுக்குட்டி உயரம். கழுத்தில், ஓநாய் கடிக்காமலிருக்க மந்தை நாய்களுக்கு மாட்டும் இரும்பு முள் பட்டை. பயந்தவரைக் கண்டால் பாயும், பயத்தை விட்டவரைக் கண்டால் படுத்துவிடும் என்று பேச்சு. மனிதர்களை இவ்வளவு துல்லியமாக எடைபோடும் பிராணி எங்கள் லெயோன் மலையில் அதுவரை பிறந்ததில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் லெயாந்த்ரோ. வல்யதோலித் நகரில் பதினோரு ஆண்டு மெத்தை விற்றவர். அதன் பிறகு மனித மனத்தைப் புரிந்துகொண்டார்.

கணவாய் உச்சியில் ஓர் இரும்புச் சிலுவை உண்டு. யாத்ரீகர்கள் வீட்டிலிருந்து ஒரு கல் எடுத்துவந்து அதன் அடியில் போட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கும் கெடுதலில்லாத வழக்கம். லெயாந்த்ரோ அதைச் சீர்திருத்தினார். ஐந்து நாள் அவரோடு நடக்க வேண்டும். தினமும் கல்லை நெஞ்சில் வைத்து, பயத்தின் பெயரைச் சொல்லி அதில் ஊத வேண்டும். ஆறாம் நாள் கல்லைச் சிலுவையடியில் போட்டதும் பயம் அங்கேயே தங்கிவிடும். பிறகு நாயின் எதிரே போய் இரு கைகளையும் விரித்து, அதன் கண்ணைப் பார்த்து, "நான் உன்னை அறிவேன்" என்று சொல்ல வேண்டும். நாய் படுக்கும். யாத்ரீகர்கள் ஊருக்கு ஊர் முத்திரை வாங்கும் ஏட்டில் லெயாந்த்ரோவும் ஒரு முத்திரை குத்துவார். முத்திரை என்றால் எங்கள் பாதையில் நடப்பவர்கள் உயிரையே விடுவார்கள்.

உயரத்துக்குப் பயந்தவர்களும் லிப்டுக்குப் பயந்தவர்களும்கூட அந்த நாய் முன்னால்தான் நின்றார்கள். "பயம் ஒண்ணுதாங்க, வேஷம்தான் வேற வேற" என்றார் லெயாந்த்ரோ.

நான் ஊபால்தோ. கணவாய்க்கு இந்தப் பக்கம் யாத்ரீகர் விடுதி நடத்துகிறேன். இருபத்திரண்டு கட்டில். ஏப்ரல் முதல் ஒன்றுகூடக் காலியில்லை. கட்டில்கள் நிறைந்திருக்கும்போது மனிதனுக்கு உண்மையைத் தேடும் ஆர்வம் குறைந்துவிடுகிறது. நான் சூப் காய்ச்சினேன். வாயைத் திறக்கவில்லை.

மே மாதத்தில் பயம் நீங்கிய ஒருவர், கீழே இறங்கும் வழியில் எங்கள் ஊர் இடைச்சி ஆர்ஹிமிராவின் ஆட்டு மந்தைக்குள் நுழைந்து, அவளுடைய காவல் நாயைக் கை விரித்து முறைத்துப் பார்த்தார். நாய் அவர் கையைக் கவ்விவிட்டது. கல்லை முழு மனத்தோடு போடவில்லை என்று லெயாந்த்ரோ விளக்கினார். கடிபட்டவர் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து நியெவெஸ் வந்தாள். பூர்கோஸ் நகர்ப் பக்கத்துத் தபால்காரி. போன குளிர்காலத்தில் பண்ணை நாய் ஒன்று அவள் கெண்டைக்காலைக் கிழித்ததிலிருந்து தெருவில் நடக்கவே நடுங்கினாள். ஆறாம் நாள் காலை என் மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பால்கட்டி கொடுக்க ஆர்ஹிமிரா வந்தாள். நியெவெஸ் அவளிடமும் சொன்னாள்.

"திங்கக்கிழமை வேலையில சேரணும். பதினேழு பண்ணை, ஒவ்வொண்ணுலயும் நாய். இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. ஆனா இனிமே கவலையில்ல. கைய விரிச்சு, கண்ணப் பாத்தாப் போதும்."

ஆர்ஹிமிரா உட்கார்ந்தாள். ரொட்டியைக் காப்பியில் தோய்த்தாள்.

"பதினேழு நாயையுமா முறைக்கப் போற?"

"மாஸ்டர் சொல்லிக் கொடுத்தாரு."

"மந்தை நாயக் கண்ணுக்குக் கண்ணு பாத்தா, சண்டைக்கு வரியான்னு கேக்கறதா அதுக்கு அர்த்தம். உங்க மாஸ்டருக்கு அத யாரும் சொல்லல."

"உங்களுக்கு நம்பிக்கை இல்ல."

"உனக்கு இருக்குல்ல. அப்போ சோதிச்சுப் பாரு."

"சோதிச்சா சக்தி போயிடுமாம்."

"நல்ல சக்திதான். சளி மருந்துகூட அவ்வளவு ரோஷப்படாதேம்மா."

வெளியே மழையும் மூடுபனியும். ஆர்ஹிமிரா கதவோரம் மாட்டியிருந்த நியெவெஸின் ஆரஞ்சு நிற மழைக்கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஊபால்தோ, நீ எந்தக் கல்லாவது ஊதியிருக்கியா?"

"இல்ல."

"நாய்னா?"

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பயம். தெரியும்ல உனக்கு."

"தெரியும். அதான் கேக்கறேன். அவ கோட்ட நீ போட்டுக்க. என் கம்பளி அங்கியை அவ போட்டுக்கட்டும்."

நியெவெஸ் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படுக்கும்" என்றாள் கடைசியில். "எனக்குப் படுக்கும். பாருங்க." ஆனால் அங்கியை வாங்கிக்கொண்டாள்.

அவள் முன்னே போனதும் ஆர்ஹிமிரா என் காதருகில் குனிந்தாள். "பயப்படாத. அந்தக் கிழட்டு நாய்க்கு முன்பல்லே கிடையாது. நேத்துதான் பால்ல ரொட்டி ஊறவச்சுக் கொடுத்தேன்."

அது எனக்குத் துளியும் உதவவில்லை.

சிலுவையடியில் நியெவெஸ் தன் கல்லைப் போட்டாள். கூட்டம் பட்டிக்கு இறங்கியதும், மூடுபனியில் யாரும் பார்க்காமல் நான் அவள் கோட்டுக்குள்ளும் அவள் ஆர்ஹிமிராவின் அங்கிக்குள்ளும் புகுந்துகொண்டோம். முப்பது பேர் சுவரோரம் நின்றார்கள். லெயாந்த்ரோ வழக்கம்போலச் சுவர் மேல் ஏறி நின்றார், சக்தி அனுப்ப. கையில் நீண்ட தடி.

ஆரஞ்சு மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு நான் நடந்தேன். நாய் குரைத்துக்கொண்டு வந்தது. நான் கையை விரிக்கவில்லை. கண்ணைத் திறக்கவுமில்லை. மந்திரத்துக்குப் பதிலாக வாயில் வந்தது, அன்று உரிக்க வேண்டிய உருளைக்கிழங்கின் எண்ணிக்கை. மேலே கல்லில் இரண்டு தட்டுச் சத்தம். குரைப்பு நின்றது. கண் திறந்தேன். நாய் படுத்திருந்தது.

"பாருங்க நியெவெஸை" என்றார் லெயாந்த்ரோ. "வந்தன்னிக்கு எப்படி இருந்தாங்க. இன்னிக்கு அந்த நடையைப் பாருங்க."

கூட்டம் கை தட்டியது. இரண்டு பேர் அழுதார்கள்.

அடுத்து ஆர்ஹிமிராவின் பழுப்புக் கம்பளி அங்கி, தொப்பி முகத்தை மூட, இறங்கி வந்தது. நாய் எழுந்தது. நியெவெஸ் நின்றாள். கைகளை விரித்தாள். கண்ணைப் பார்த்தாள். "நான் உன்னை அறிவேன்" என்றாள். நாய் அவளை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் கிட்டே வந்து குரைத்தது.

"ஆர்ஹிமிரா, ஓரமாப் போம்மா" என்று கத்தினார் லெயாந்த்ரோ. "இங்க பயிற்சி நடக்குது."

நியெவெஸ் தொப்பியைத் தள்ளினாள். "நான்தாங்க உங்க பயிற்சி."

நான் என் தொப்பியைத் தள்ளினேன்.

முப்பது தலைகள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தன.

லெயாந்த்ரோ தொண்டையைச் செருமினார். "அஞ்சு நாள் போட்ட கோட்டு. சக்தி துணியில தங்கியிருக்கு. அதான்."

கூட்டத்தில் பாதி தலையாட்டியது. ஒருவர் என் கோட்டுக் கையைத் தொட்டுப் பார்த்தார்.

அதுவரை சுவருக்குப் பின்னால் மறைந்திருந்த ஆர்ஹிமிரா அதன் மேல் ஏறினாள். லெயாந்த்ரோவின் கையிலிருந்து தடியை, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல வாங்கினாள். கல்லில் இரண்டு முறை தட்டினாள். நாய் படுத்தது. ஒருமுறை தட்டினாள். எழுந்து குரைத்தது. இரண்டு. படுத்தது. ஒன்று. எழுந்தது. கடைசியில் அது களைத்துப்போய், தட்டாமலே படுத்துவிட்டது.

"மந்தை காக்கிற நாய் பகல்ல மந்தைய விட்டுட்டு ரோட்டோரம் நிக்குமா?" என்றாள். "அத ஒருத்தராவது கேட்டீங்களா?"

ஒரு பெண்மணி கையை உயர்த்தினார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "அம்மா, உங்க பயிற்சி எப்போ ஆரம்பிக்குது?" என்றார்.

லெயாந்த்ரோ மதியத்துக்குள் கிளம்பிவிட்டார். நாயை விட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் என் கட்டில்களில் ஒன்பது காலி.

நியெவெஸ் அன்று மாலைவரை ஆர்ஹிமிராவோடு மந்தையில் இருந்தாள். கண்ணைப் பார்க்காதே, ஓடாதே, பக்கவாட்டில் நில், மந்தையைச் சுற்றிக்கொண்டு போ. பாடம் அவ்வளவுதான். முத்திரை கிடையாது.

"திங்கக்கிழமை?" என்று கேட்டேன்.

"போறேன். நாயக் கட்டாத வீட்டுக்குக் கடுதாசி வாசல் வரைக்கும் வராதுன்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். ஒத்துக்கலேன்னா சண்டை போடுவேன்."

"பயம் போயிடுச்சா?"

"இல்ல. எதுக்குப் பயப்படணும்னு இப்பத் தெரியுது."

தடி தட்டினால் படுக்க அந்த நாயைப் பழக்கியவருக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்கும் என்கிறாள் ஆர்ஹிமிரா. மனிதர்களைப் பழக்க ஐந்து நாள் போதுமானதாக இருந்தது. இந்தப் பக்கம் நடந்து வருகிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசித்துக்கொண்டே நடக்கலாம்.