ரோஸ் நிற விமானமும் அறுப்பின் பண்டிகை ஏலமும்

ஐம்பதை நெருங்கும் ஆண் வாங்கும் பொம்மைக்குப் பொம்மை என்று பெயரில்லை; 'சேகரிப்பு' என்று பெயர். இதை வீட்டில் யாருக்கும் புரிய வைக்க முடியாது. முயன்று முயன்று நானும் ஓய்ந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் சரித்திர வாத்தியார் நான். இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானங்களின் சின்ன உலோக மாதிரிகள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு. சில வருடங்களுக்கு முன், மாதக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து ஓர் உளவு விமானத்தை வரவழைத்தேன். எதிரியின் ஊருக்கு மேலே தனியாகப் போய், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவரும் வகை. துப்பாக்கி கிடையாது, காமிரா மட்டும். நிறம் ரோஸ். (விடியற்கால மேகத்தோடு மேகமாக ஒளிந்துகொள்ளத்தான். நம்புங்கள்.)

அது வந்து சேர்ந்த காலையில் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொடுப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். என் மனைவி எஸ்தர் ஒரு வாழைத்தாரையும் சில சுரைக்காய்களையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டு, பண்டிகைச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள். கூரியரில் வந்த பெட்டியைச் சுரைக்காய் மேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் வாசல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காணிக்கை சேகரிக்கும் லோடு ஆட்டோ தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினேன். (என் முழங்காலைப் பொறுத்தவரை அதுதான் ஓட்டம்.)

ஏலம் விடுபவர் தாசையா அண்ணாச்சி, வெங்காய வியாபாரி. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். போதகர் ஜெபம் பண்ணி முடித்துவிட்டாரே என்று வருத்தப்பட்டார்.

"படைச்சதைத் திருப்பிக் கேக்கது நல்லாருக்காது சார்வாள். பேசாம ஏலத்துல எடுத்துக்கிடுங்க. இதைப் போயி வேற யாரு கேக்கப் போறா?"

நியாயமாகத்தான் பட்டது. பந்தலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம், வாழைத்தார்க் குவியலுக்கு அந்தப்புறம். ஒரு தலையும் தெரியாது.

ஆடும் சேவலும் பூசணியும் போனபின் பெட்டியிலிருந்து விமானம் வெளியே வந்தது. ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் சிரிப்பு. இது எதுக்கு ஆகும் என்று யாரோ கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வாத்தியார் உடம்பு கேட்குமா? எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். என் வகுப்பில் ஒருநாளும் கிடைக்காத அமைதி.

"கேட்டீரா வே, ஆளைக் கொல்லாத விமானம். கோயிலுக்கு ஏத்த சாமான்" என்றார் அண்ணாச்சி மைக்கில்.

நான் கையைத் தூக்கினேன். பெண்கள் பக்கம் கூடக் கேட்கிறார்கள் என்றார். மறுபடி தூக்கினேன். அங்கேயும் தூக்கினார்கள். குழந்தைக்கு விளையாடக் கொடுக்கப்போகும் யாரோ ஒரு வசதியான அம்மாள் என்று எண்ணி, சாயங்காலத்துக்குள் சக்கரம் போய்விடுமே என்ற பதைப்பில் தூக்கிக்கொண்டே இருந்தேன். கடைக்காரன் என்னிடம் வாங்கிய விலையையும் தாண்டியாயிற்று. கடைசியில் தோளும் வலித்தது, மனமும் விட்டுப்போயிற்று. கையை மடியில் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி மூன்று தரம் சொல்லி முடித்தார்.

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சற்று நேரத்தில் எஸ்தர் வந்தாள். கையில் அந்தப் பெட்டி. நான் விளக்கி உட்கார்ந்த பிறகுதான், காய் நறுக்கிய இடத்தில் யாரோ விமானம் ஏலத்துக்கு வந்த சேதி சொல்ல, கத்தியைப் போட்டுவிட்டு ஏலத்துக்கு ஓடியிருக்கிறாள்.

"எத்தனை மாசமாக் காத்துக் கெடந்தீங்க, விட்டிருவேனா? ஆம்பளைங்க பக்கம் எவனோ ஒரு கோட்டிக்காரன், விடாம ஏத்திக்கிட்டே போனான்."

நான் எழுந்து உட்கார்ந்து, வலிக்கும் தோளைத் தடவிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் அண்ணாச்சியிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் மறைக்கவில்லை.

"தெரியும் சார்வாள். ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். ஆனா கோயில் ஓடு ஒழுகுதுல்லா."

ஓடு மாற்றியாகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால் அவர் மைக்கில் சொல்கிறார்: "புருஷன் பொஞ்சாதி மொதல்ல ஒரு வார்த்தை பேசிக்கிடுங்க. பொறவு கையைத் தூக்குங்க." சபை மொத்தமும் திரும்பி எங்களைப் பார்க்கும். எஸ்தர் தரையைப் பார்ப்பாள். நான் பந்தலைப் பார்ப்பேன். புதிதாக மாற்றலாகி வரும் போதகர்களுக்குக் காரணம் புரியாது. ஆராதனை முறையில் இதுவும் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்து, ஒருவர் 'ஆமென்' கூடச் சொன்னார்.