ஒண்ணுமில்லைக்காரரின் மூன்று பேனாக்கள்

ஒண்ணுமில்லைக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். மாடிப்படியில் உருண்டால் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டும், காய்ச்சலில் அனலாய்க் கொதித்தால் போர்வைக்குள்ளிருந்தும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏப்பம் விட முயன்றபடியும் அவர் சொல்வது ஒரே மந்திரம்: "ஒண்ணுமில்லை." அவர் கணக்கில் வியாதிகள் இரண்டே. ஒன்று வாயு, மற்றது தூக்கம் போதாதது. மூன்றாவது ஒன்று உண்டென்று சொல்ல டாக்டர் யார்?

எங்கள் அலுவலக மேலாளர் இந்த இனத்தின் தலைவர். ஒருநாள் காலை அவருடைய கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியது. பேனா சரியில்லை என்று வேறு பேனா கேட்டார். டைப்பிஸ்ட் அக்கா கொடுத்துவிட்டு, கொடுத்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டார்; பேனா விஷயத்தில் மேலாளர் போட்ட சட்டம் அது. அந்தக் கையெழுத்தும் இறங்கியது. மூன்றாவது பேனா விரலிலேயே நிற்கவில்லை. பேனாக் கம்பெனியின் பரம்பரையையே திட்ட ஆரம்பித்தவருக்குப் பாதியில் நாக்கு குழறியது.

"சார், ரெண்டு கையையும் நீட்டுங்க," என்றார் அக்கா.

இடது கை நின்றது. வலது கை தானாகத் தாழ்ந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"ஒண்...மில்..." என்றார் மேலாளர்.

முப்பது வருஷமாகப் பிசகாத மந்திரம் பிசகிவிட்டது. அக்காதான் ஆம்புலன்ஸை வரவழைத்தார்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். "ரத்தக்கசிவு ஒண்ணுமில்லை," என்று டாக்டர் சொன்னதும் நம்மவர் பாதி வாயால் சிரித்தாரே, பார்க்க வேண்டும்!

"சிரிக்காதீங்க சார். கசிவு இல்லை, அவ்வளவுதான். அடைப்பு இருந்தா ஆரம்பத்துல இந்தப் படத்துல தெரியாமலே போகலாம்."

சாயம் ஏற்றி மறுபடி எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் ஓடிய ரத்தக்குழாய் ஒன்று பாதி வழியில் சட்டென்று நின்றிருந்தது.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? நேரம் தெரிஞ்சாத்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து குடுக்கலாமான்னு சொல்ல முடியும். தாமதமானா இந்தக் கை திரும்பாது."

அக்கா கையோடு கொண்டுவந்திருந்த பேனா நோட்டைப் புரட்டினார்.

"பத்து இருபதுக்கு ரெண்டாவது பேனா குடுத்தேன்," என்றார் அக்கா. "பத்தேகாலுக்குப் போட்ட கையெழுத்து நல்லாத்தான் இருந்தது."

நேரம் மிச்சமிருந்தது. மருந்து ஏறியது. கை பிழைத்தது.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவரிடம், "என்ன சார் ஆச்சு?" என்று விசாரித்தோம்.

"ஒண்ணுமில்லை. பேனா சரியில்லை."

சிரிக்கிறீர்கள். சற்று முன் இந்தப் புத்தகம் உங்கள் கையிலிருந்து நழுவியதே, அட்டை வழவழப்பு என்றுதானே நினைத்தீர்கள்? எதற்கும் இரண்டு கையையும் கொஞ்சம் நீட்டுங்கள், பார்ப்போம்.