வேர் இங்கே, பூ அங்கே

பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர் காலை எட்டு மணி வெயிலில் உட்கார்ந்து பூவைத் தின்றுகொண்டிருந்தார். இரண்டு ரொட்டித் துண்டு, நடுவே வெண்ணெய், வெண்ணெயின் மேல் இரண்டு ஆரஞ்சுப் பூ, ஒரு மஞ்சள் பூ. கடித்தார், கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார், விழுங்கினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. இடுப்புயரத் தடுப்புச் சுவருக்கு மேலாக லைப்ரரி அம்மாவைப் பார்த்து ஒரு புன்னகை வேறு செய்தார்.

பூவாளியும் கையுமாக நின்றிருந்த லைப்ரரி அம்மாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. தண்ணீர் ஊற்றுவது இவள். தின்பது அவர்.

விஷயம் இதுதான். இரண்டு வீட்டுக்கும் பால்கனி ஒன்றுதான். நடுவில் அந்தக் குட்டைச் சுவர் மட்டும். சுவரை ஒட்டி இவள் பக்கத்தில் நீளமான சிமெண்ட் தொட்டி. அதில் நாஸ்டர்ஷியம் செடி. குட்டிக் குடை மாதிரி வட்ட வட்ட இலைகள் மண்ணே தெரியாமல் தொட்டியை மூடி, சுவர் மேல் படர்ந்து, அந்தப் பக்கமும் போய்விட்டன. போனால் போகட்டும் என்றால், பூக்கிறதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். வெயில் அங்கேதான் விழுகிறது. இவள் பக்கத்தில் எதிர்க் கட்டிடத்தின் நிழல், நிறைய இலை, எப்போதாவது ஒரு மொட்டு. அழகுக்கு மட்டுமான பூவாக இருந்தால்கூட எட்டிப் பார்த்து ஆறுதல் அடையலாம். இது தின்கிற பூ. மிளகும் முள்ளங்கியும் சேர்ந்த மாதிரி சுருக்கென்று ஒரு காரம் இருக்குமாம். "இருக்குமாம்" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. இன்னும் ஒன்றுகூட அவள் வாய்க்குள் போகவில்லை.

"வேர் இங்கே, பூ அங்கே. இது எந்த ஊர் நியாயம்?" என்று கணவரைக் கேட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர், எதையும் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செடிக்கு நியாயம் தெரியுமா?" என்றார்.

செடிக்குத் தெரியாது, சரி. மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா? நூலகத்தில் ஒருவர் கார்டு இல்லாமல் ஒரு புத்தகத்தைத் தொட்டுவிட்டுப் போக முடியுமா அவளிடம்? வாசலிலேயே பையைத் திறந்து காட்டச் சொல்லுகிறவள். அவள் கண்ணெதிரே, அவள் செடியின் பூவை, வெண்ணெய் தடவித் தின்கிறார் ஒருவர்.

இத்தனை கோபத்துக்கும் அடியில் ஒரு பழைய காயம் இருந்தது. கணவர் வீட்டில் அவளுக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் வைத்த ரோஜா பட்டுப்போனது. புதினா அழுகியது. தண்ணீரே கேட்காத கள்ளிச்செடி கூட, என்ன நினைத்ததோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து உயிரை விட்டது. "அண்ணி வெச்சா பிளாஸ்டிக் பூவும் வாடிடும்" என்று நாத்தனார் ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன்னால் சொல்லி, அந்த நாலு பேரும் சிரித்து, அதில் கணவரும் ஒருவர் என்பதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை எங்கே வைத்தாலும் வளரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்த விதையாகப் பார்த்து வாங்கினாள். விதைத்த கையோடு மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அங்கே இருந்தபடியே தினமும் போனில் கணவரைப் பிடுங்கினாள். முளைத்ததா, முளைத்ததா? ஒரு நாள் அவர், ஏதோ பச்சையாகத் தெரிகிறது என்றார். பேரனைக் குளிப்பாட்டிவிட்டு ஊர் திரும்பி, பெட்டியைக்கூட வைக்காமல் பால்கனிக் கதவைத் திறந்தால், தொட்டி முழுக்கப் பச்சை பொங்கி வழிகிறது. லைப்ரரி அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வர வேண்டும், தன் கையால் வளர்த்த பூவில் சாலட் செய்து போடப் போகிறேன் என்றாள்.

"கடையில வாங்கின பூவா அண்ணி?" என்று கேட்டது மறுமுனை.

"என் தொட்டியில பூத்தது. நீயே வந்து பறிச்சுக்கலாம்."

சொல்லியாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குள் பூ வேண்டும். அதுவும் இந்தப் பக்கத்தில் வேண்டும்.

முதலில் அவள் கையை நீட்டி, பூத்திருந்த கொடி ஒன்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாள். நாஸ்டர்ஷியம் தண்டு பார்க்கத்தான் கயிறு மாதிரி இருக்கும். உள்ளே வெறும் தண்ணீர். படக்கென்று ஒடிந்து, பூவும் மொட்டுமாக அந்தப் பக்கமே விழுந்தது. அன்று மாலை அழைப்புமணி அடித்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். தட்டில் அந்தப் பூக்கள், அழகாகக் கழுவி அடுக்கியிருந்தன.

"நிறையப் பூக்குது மேடம். உங்களுக்கு இல்லாததா, எடுத்துக்கோங்க."

லைப்ரரி அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த படம் கோணியது.

வாங்கி வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகியிருக்குமே என்றார் கணவர், நல்லெண்ணத்தில்.

"ஏங்க, உங்க சட்டையை ஒருத்தன் போட்டுக்கிட்டுத் திரியறான். அவனே வந்து, இந்தாங்க சார், துவைச்சுக் கொண்டாந்திருக்கேன்னு நீட்டினா வாங்கிப்பீங்களா?"

கணவர் யோசித்தார். "துவைச்சிருந்தா வாங்கிப்பேன்" என்றார்.

இவரிடம் பேசிப் பயனில்லை. அடுத்து அவள் உரத்தில் இறங்கினாள். கடையிலேயே விலை கூடிய உரமாக வாங்கி வந்து, இலைகளுக்கு மேலாகவே தொட்டி நெடுகக் கொட்டினாள். இந்தப் பக்கம் ஓர் இலைகூடக் கூடுதலாக வரவில்லை. அந்தப் பக்கமோ, சிவப்பும் ஆரஞ்சுமாக நெருப்புப் பற்றியது போல் பூத்துத் தள்ளியது. ஆக, இவள் போட்ட உரமும் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் ரொட்டியின் மேல் ஒரு பூவுக்கு மூன்று பூவாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அவருக்கு இதில் கூச்சம் என்று ஒன்று கிடையாது. தப்பாகக் கியர் மாற்றுகிறவர்களுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கும் பதறாத ஒரு முகம் அவருக்கு வாய்த்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனாள். ஊரான் வளர்த்த பூவை ஒருவர் தினமும் தின்கிறார், சங்கம் என்ன செய்கிறது என்று கேட்டாள். செயலாளர் கடமை தவறாதவர். மறுநாள் காலையே ஆய்வுக்கு வந்தார். சுவரின் இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் வெயில் இதமாக இருந்தது. ஒரு நாற்காலியும் இருந்தது. துருப்பிடித்த ஸ்டாண்டு, மண் ரொப்பிய பழைய டயர், உடைந்த 'L' பலகை என்று கிடந்த சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் அவருக்கும் ஒரு ரொட்டி தந்தார்.

"அட, காரமா இருக்கே. நல்லாதான் இருக்கு" என்றார் செயலாளர், வாய் நிறைய.

பிறகு தீர்ப்பு சொன்னார். பூவைப் பற்றிச் சங்க விதிகளில் ஒன்றுமே இல்லை. எனவே எவர் பால்கனியில் பூக்கிறதோ அவர் பறித்துக்கொள்ளலாம்.

"மேடம் ஆசைப்பட்டா இந்தப் பக்கமும் வந்து பறிச்சுக்கட்டும் சார். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

இவருக்கு ஆட்சேபணை இல்லையாம். லைப்ரரி அம்மா உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

அதோடு முடியவில்லை. செயலாளருக்கு அந்தக் காரம் பிடித்துப்போய்விட்டது. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் அவர் மனைவி வந்தாள். மனைவி கீழ்த்தளத்து உடற்பயிற்சிக் கூட்டத்திடம் சொல்ல, ரத்தத்துக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட, வியர்வையும் துண்டுமாக ஒரு பட்டாளமே படியேறி வந்து பறித்துத் தின்றது. ஒருவர் தின்றதைப் பொறுக்காமல் புகார் கொடுத்தாள். இப்போது கட்டிடமே தின்கிறது.

உடனே ஒரு பலகை எழுதினாள். நூலகத்தில் 'அமைதி காக்கவும்' எழுதும் அதே தடித்த எழுத்தில், 'இந்தப் பூக்களைப் பறிப்பது திருட்டு' என்று எழுதி, சுவர் மேல் அந்தப் பக்கம் பார்த்து நட்டு வைத்தாள். பலகைக்குப் பலன் இருந்தது. உடற்பயிற்சிக் கூட்டம் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கிப் போனது. செயலாளர் வரவில்லை. ஆனால் யாருக்காக எழுதினாளோ அந்த டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் வழக்கம்போல ரொட்டியோடு வந்து உட்கார்ந்தார். பலகையைப் படித்துவிட்டு, இவளைப் பார்த்து மனமார ஒரு கும்பிடு போட்டார்.

"நல்ல வேலை செஞ்சீங்க மேடம். ஆளாளுக்கு வந்து பறிச்சா செடி என்னத்துக்கு ஆகும்?"

சொல்லிவிட்டு ஒரு பூவைப் பறித்தார். பலகைக்கு நேர் கீழே இருந்த பூ. நெஞ்சழுத்தம் என்றால் இப்படியா இருக்கும்? இத்தனை நாள் மரியாதைக்காக வாயைக் கட்டியிருந்தாள். இனி வாயால் ஒன்றும் ஆகாது என்று புரிந்தது.

சனிக்கிழமை காலை நூலகத்துக்குக் கிளம்பும் முன், புத்தக அட்டைத் துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். சுவர் உச்சியில் படர்ந்து கிடந்த கொடிகளை ஒன்றுவிடாமல் கச்சக் கச்சக்கென்று வெட்டினாள். வேர் இந்தப் பக்கம் இருக்கிறது. வேரோடு ஒட்டிய பாகம் பிழைக்கும். வேரை விட்டுப் பிரிந்த பாகம் வாடும். இதற்குச் சங்க விதி தேவையில்லை. இந்தப் பக்கம் நாலைந்து மொட்டு இருந்தது. இத்தனை நாள் சுவர் ஏறிப் போன தண்ணீரும் உரமும் இனி அவற்றுக்கே போகும், நாளைக்குள் விரிந்துவிடும். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, திறக்கக் கூடாது என்று கணவருக்கு உத்தரவு போட்டாள். அந்தக் காட்சியை நாத்தனாரோடு சேர்ந்து பார்க்க ஆசைப்பட்டாள்.

செய்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பூத்துக் குலுங்கிய கொடி, பாவம். ஆனால் உறுத்தலைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. அன்று நூலகத்தில் காலம் கடந்து திரும்பிய எந்தப் புத்தகத்துக்கும் அவள் அபராதம் கேட்கவில்லை. வாசகர்கள் பயந்துபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். மேசை மேல் வெள்ளரியும் தக்காளியும் வட்டமாக அடுக்கி, நடுவில் பூவுக்கென்று இடம் விட்டிருந்தது. பூ எங்கே என்று நாத்தனார் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தவள் மாதிரி, லைப்ரரி அம்மா ஒரு கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"போய் உன் கையாலயே பறிச்சுக்கிட்டு வா. அப்படியே சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பார்வை பாரு. நேத்துக் காலையில நான்தான் கொடியை அறுத்துவிட்டேன். சொந்த வேர் இல்லாம அடுத்தவங்க செடியில உறவு கொண்டாடினா என்ன கதி ஆகும்னு தெரியும்."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். திரை விலகும் சத்தம் கேட்டது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது. லைப்ரரி அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

பால்கனியிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணி, அந்தப் பக்கம் எல்லாம் ஜோராப் பூத்திருக்கு. நம்ம பக்கம்தான் ஒரு இலை விடாம வாடிக் கிடக்கு."