ஆட்டோ க்ளீன் தனசிங்

சனிக்கிழமை மதியத் தூக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது தனசிங்கின் கொள்கை. கொள்கை என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். உட்கார இடம் கிடைக்கும் என்று குரோம்பேட்டையை விட்டுத் தாம்பரத்துக்கே பின்னால் போய் ரயில் ஏறினாலும், பார்க் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போகிற ராசி அவருக்கு. ஐந்து நாள் அப்படி நின்றவர் சனிக்கிழமை இரண்டு மணிக்கு, மீன் குழம்பு உள்ளே போனதும், ஃபேனுக்கு நேர் கீழே சாய்ந்தால் ஐந்து மணி வரை இந்த உலகத்தில் இல்லை. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு உலை வைத்தது சமையலறைச் சிம்னி.

"என்னங்க, சிம்னியைக் கழுவி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அது ஆட்டோ க்ளீன், கெசியா. பட்டனை அமுக்கினா தானா சுத்தமாயிடும்."

"ஆட்டோன்னு பேரு வெச்சா வேலைக்கு வந்துடுமா? நம்ம ஏரியா அஸ்தினாபுரம்னு சொன்னதும் எந்த ஆட்டோ வருது?"

"கம்பெனிக்காரனே புக்ல எழுதியிருக்கான்."

"மாசத்துக்கு ஒருவாட்டி ஃபில்டரைக் கழட்டிக் கழுவணும், எண்ணெய்க் கிண்ணத்தைக் கொட்டணும்னும் அதே புக்லதான் எழுதியிருக்கான். அந்தப் பக்கம் வந்தா மட்டும் கண்ணாடி எங்கன்னு தேடுவீங்க."

"எனக்குத் தெரிஞ்ச ஒரே ஃபில்டர் காபி ஃபில்டர்."

"அதையும் நான்தான் கழுவுறேன்."

கெசியா சும்மா புலம்புகிற ரகம் இல்லை. போன வாரம் கொதிக்கிற ரசத்தில் மேலேயிருந்து கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. மிளகாய் தாளித்தால் புகை மேலே போகாமல் ஹாலுக்கு வந்து உட்கார்ந்து டிவி பார்த்தது. மாடம்பாக்கத்தில் அவள் சித்தி மகள் பிளஸ்ஸி அப்பளம் பொரித்தபோது தீ எழும்பி, சிம்னிக்குள் தேங்கியிருந்த எண்ணெய்ப் பிசுக்கில் பற்றிக்கொண்டது. சமையலறைச் சுவர் முழுக்கக் கரி. பிளஸ்ஸியின் ஒரு பக்கப் புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"எனக்கும் அப்படி ஆகணும்னு காத்துக்கிட்டு இருக்கீங்களா? வர்ற சனிக்கிழமை. ரெண்டு மணி. நீங்க, ஏணி, சிம்னி."

தனசிங்குக்குச் சோறு இறங்கவில்லை. மாடியில் காற்று வாங்கப் போனார். மேல் வீட்டு ஆபேல் அங்கே இருந்தான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வீட்டில் ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் மரியாதையாக வாழ்கிறவன் என்று அந்த அபார்ட்மென்ட் ஆண்கள் அத்தனை பேரும் அவனைப் பொறாமையோடு பார்ப்பார்கள்.

"நீங்க 'முடியாது'ன்னு சொல்றீங்கண்ணா. அதான் தப்பு. 'சரி'ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, கேவலமா பண்ணுங்க."

"கேவலமான்னா?"

"பார்த்ததும் அவங்களுக்கு அழுகை வரணும். கல்யாணமான புதுசுல நான் ஒரே ஒருவாட்டி துணி துவைச்சேன். டெபோராவோட பெரிய வெள்ளிக்குக் கட்டுற வெள்ளைப் புடவை ரோஸ் ஆயிடுச்சு. ஏழு வருஷமாச்சு, வாஷிங் மெஷின் பக்கம் போக எனக்கு அனுமதி கிடையாது."

தனசிங் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

சனிக்கிழமை வந்தது. கெசியா கடைக்குக் கிளம்பியதும் தனசிங் களத்தில் இறங்கினார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றி அடுப்பின் மேலேயே கவிழ்த்தார். ஃபில்டரை இட்லி குண்டானில் ஊற வைத்தார். புதுத் துண்டால் துடைத்தார். அந்தக் கையோடு ஃப்ரிட்ஜைத் திறந்தார், ஃபேன் சுவிட்சைப் போட்டார், சபைக் காலண்டரில் தேதி பார்த்தார். கழுவின ஃபில்டரைத் தலைகீழாக மாட்டினார். பாதியில் வழுக்கி அவரே அந்தப் பிசுக்கில் உட்கார்ந்தது மட்டும் திட்டத்தில் இல்லை. ஆபீஸில் முப்பது வருஷத்தில் இவ்வளவு உழைத்ததில்லை.

கெசியா திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றாள். தரையைப் பார்த்தாள். இட்லி குண்டானைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தனசிங் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அந்தப் பொன்னான வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"விடுங்க. உங்களுக்கு இந்த வேலை வராது."

"முயற்சி பண்ணினேன் கெசியா..."

"தெரியுது. இனிமே நம்ம வீட்டுச் சிம்னியை நீங்க தொடவே வேணாம்."

சிரிப்பை அடக்க அவர் இருமவேண்டியிருந்தது. 'நம்ம வீட்டு' என்று அவள் அழுத்திச் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஜெயித்த மனிதன் எந்தக் காலத்தில் காதில் விழுவதை யோசித்தான்?

நாலு வாரம் சொர்க்கம். ஐந்தாவது சனிக்கிழமை, மணி இரண்டு, மீன் குழம்பு உள்ளே போய்விட்டது, தலையணை தட்டியாகிவிட்டது. காலிங் பெல் அடித்தது. ஆபேலின் மனைவி டெபோரா.

"அண்ணா, ஒரு சின்ன உதவி. எங்க வீட்டுச் சிம்னியைக் கொஞ்சம் க்ளீன் பண்ணித் தரணும்."

"ஆபேல் இல்லையாம்மா?"

"அவருக்கு ஒரு வேலையும் வராதுண்ணா. நீங்க போன மாசம் தனியாவே கழட்டிப் பண்ணீங்கன்னு அக்கா சொன்னாங்க. கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே ஆச்சரியம்."

தனசிங் மனைவியைப் பார்த்தார். கெசியா மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாங்களேன். வாய் நிறைய அண்ணாங்குது, பாவம்."

படியில் எதிரே ஆபேல் இறங்கி வந்தான். மடித்துக் கட்டின கைலி, கையில் பக்கெட், மூஞ்சியில் இழவு களை.

"எங்க ஆபேல்?"

"உங்க வீட்டுக்குத்தாண்ணா. கெசியாக்கா கூப்பிட்டாங்க, சிம்னிக்கு."

"டேய், சொதப்பிடுடா!"

"அக்கா முன்னாடி எப்படிண்ணா? மானம் போயிடாது?"

தனசிங்குக்கு அப்போதுதான் தன் நிலைமையும் உறைத்தது. ஏனென்றால் அவருக்கும் அதே மானம்தான் இருந்தது. சொந்த வீட்டில் டம்ளர் கழுவத் தெரியாத ஆண்பிள்ளைக்கு, அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றால் பத்து விரலும் வேலை செய்யும். டெபோரா எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள். "எவ்ளோ நேக்கா கழட்டுறீங்கண்ணா!" என்றாள். நேக்கு என்று சொன்ன பிறகு ஒருவன் எப்படிக் கிண்ணத்தைக் கவிழ்ப்பான்? கொதிக்கிற தண்ணீர் கேட்டார். ஆப்ப சோடா கேட்டார். பழைய டூத்பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டினார். கடைசியில் ஃபில்டர் கண்ணாடியாகி அவர் முகத்தையே காட்டியது. பார்க்கச் சகிக்கவில்லை. டெபோரா அதை அவர் கையில் கொடுத்து, "சிரிங்கண்ணா" என்று போட்டோ எடுத்தாள். பாவி மனுஷன் சிரித்தும் தொலைத்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தரை. தூக்கம் போச்சு, இடுப்பு போச்சு. அவர் வீட்டுச் சிம்னியும் ஆபேல் புண்ணியத்தில் பளபளத்தது. கெசியா போனை நீட்டினாள். டெபோரா எடுத்த படம்.

"வேலை வராதவரு இதுல யாருங்க?"

தனசிங் நாற்காலியில் சரிந்தார். "சரி. தோத்துட்டேன். நம்ம வீட்டுதை இனிமே நானே பண்றேன். மாசா மாசம். ஒழுங்கா."

"எதுக்கு? ஆபேல் தம்பி தங்கமா பண்ணிக் குடுத்துட்டுப் போகுது. ஒரு சொட்டு கீழ சிந்தல."

"அப்போ... அடுத்த மாசம் டெபோரா வீடு மட்டும்தானே?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

கெசியா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த மாசம் டெபோரா வீடு. நடுவுல இருக்கற சனிக்கிழமைக்கெல்லாம் இந்தப் போட்டோவைப் பார்த்துட்டு நம்ம சபைப் பெண்கள் ஐக்கிய குரூப்ல பேரு குடுத்துட்டாங்க. வர்ற வாரம் பாஸ்டரம்மா வீடு. அங்க மட்டும் ரெண்டு சிம்னியாம்."