கலப்பெண் பாடத்தை நான் எடுக்காததற்கான விளக்கம்

அன்புள்ள தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நானும் என் முழங்காலும் சுமாரான நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட நலமாக இருக்க வேண்டும். கடிதத்தைப் பாதியில் மடித்து வைப்பவள் நீ என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. உனக்கு என் நன்றி.
2. இரண்டு கணிதப் பாடங்களையும் நான் ஒப்பிட்ட முறை.
3. குலக் கோட்பாடு நடத்தும் அம்மையார் மிகவும் நிதானமானவர்.
4. ஆகவே நீ சொன்ன பாடத்தை எடுக்கவில்லை. (இதைப் படித்ததும் போன் செய்ய வேண்டாம்.)

மருந்துக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், இந்த வயதில் இயற்பியல் முதுகலை படிக்க ஆசை என்று முணுமுணுத்தபோது எல்லோரும் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். நீ ஒருத்திதான் விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று பார்த்தாய். போன பருவத்தில் கணிதத்தில் தோற்றபோதும், "கொஞ்ச மார்க்குலதானே போச்சு அண்ணா, அசிங்கமா போகலியே" என்றாய். அந்த ஒரு வார்த்தையில்தான் திரும்ப வகுப்புக்குப் போனேன். ஆனால் கணிதத்தில் இன்னொரு முறை தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதனால்தான் இந்தப் பயம்.

கலப்பெண் பகுப்பாய்வு (காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்), குலக் கோட்பாடு (க்ரூப் தியரி), இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். முன்னதைக் கல்லூரியில் காலமெல்லாம் நடத்தியவள் நீ, ஞாயிறுதோறும் போனில் சொல்லித்தருவதாகச் சொன்னாய். என் இயற்பியல் பேராசிரியரோ இரண்டுமே உதவும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனவே பெயர் கொடுக்குமுன் இரண்டு வகுப்பிலும் சில நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் தாள் செருகிய அட்டை, கையில் பேனா. புரிந்தால் ஒரு டிக், புரியாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. கலப்பெண் ஆசிரியர் கரும்பலகையிடமே பேசினார், அவர் வரைந்த வளையத்தை நான் ஒருமுறை சுற்றி வருவதற்குள் மணி அடித்துவிட்டது, அட்டை முழுக்கப் பெருக்கல் குறி. குலக் கோட்பாடு அம்மையாரோ ஒரு புத்தகத்தை முதலில் நிமிர்த்திப் பிறகு திருப்பினார், அப்புறம் முதலில் திருப்பிப் பிறகு நிமிர்த்தினார், இரண்டு தடவையும் புத்தகம் வேறு வேறு மாதிரி நின்றது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேனாவை நான் லேசாகத் தூக்கினாலே போதும், பாடத்தை நிறுத்தி முதலிலிருந்து சொல்வார். முகம் பார்த்துச் சொல்லித்தரும் ஆசிரியர் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ. பக்கத்தில் உட்காரும் பெண்கூட, "பெரியப்பா, நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் இவங்க க்ளாஸ் புரியுதே, எப்படி?" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கோவிச்சுக்காதேம்மா. உன்கிட்ட படிச்சா, நீ அதட்டுவியோன்னு பயந்து புரியாததையும் புரிஞ்சுதுன்னு சொல்லிடுவேன். சின்ன வயசுல நீ எனக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தப்பவும் அப்படித்தானே செஞ்சேன். இந்த அம்மையார்கிட்ட வாயே திறக்க வேண்டாம், அதுதான் எனக்குச் சௌகரியம்.

உன் வீட்டில் பசியும் தூக்கமும் சிரிப்பும் வேளை தவறாமல் வரட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

என்றும் நன்றியுள்ள,
உன் அண்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. குலக் கோட்பாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது அம்மையார் எதிரே வந்து, "சார், என்னைப் பத்தி மேலே என்ன எழுதினீங்க? வேலை நிரந்தரமாகுமா?" என்று கேட்டார். வகுப்பை மதிப்பிட வந்த அதிகாரி என்று என்னை நினைத்திருக்கிறார். "நான் உங்க ஸ்டூடண்ட்மா" என்றேன். அவர் படியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்தப் பேனாவைப் பார்த்து எத்தனை நாள் சரியா சாப்பிடலை தெரியுமா?"

இன்றைய வகுப்பில் ஒரு வாரப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்தார். பேனாவைத் தூக்கிப் பார்த்தேன், கண்டுகொள்ளவில்லை. வேறு வழியில்லாமல், ஆயுளில் முதல் முறையாகக் கையைத் தூக்கிப் புரியவில்லை என்றேன். மறுபடி சொன்னார், பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு நீதான் கதி. ஞாயிற்றுக்கிழமைக்குள் குலக் கோட்பாட்டை நீயும் கொஞ்சம் படித்து வை. உன்னிடமும் இனிப் புரியாததைப் புரியவில்லை என்றே சொல்வேன். பாடத்தை மாற்றவில்லை. முதலில் போட்ட வரிசையில் மூன்றாவது குறிப்பு மட்டும் தவறு.