சறுக்காத பிரேக்கும் ஒரு மாப்பிள்ளையும்

வருங்கால மனைவியின் உயிரைக் காப்பதற்காகத் தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்ட மாமனிதர் உலக வரலாற்றில் ஒருவர்தான் உண்டு. அவர் மதுரை ஒத்தக்கடையில், புதிதாகப் பிளாட் போட்ட பகுதியில், யானைமலை தெரிகிற மாதிரி ஒரு வீட்டில் தாயாருடன் வசித்தார். பெயர் விருமாண்டி. நகரத்துக்குள் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அவருக்கு இன்னும் சிலை வைக்காதது மதுரையின் குறைதான். ஆனால் சிலை இல்லாத முச்சந்தி மதுரையில் பாக்கி இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

2003ஆம் வருடம் வைகாசியில் அவர் பெண் பார்க்கப் போனார். செக்கானூரணிக்கு மேற்கே மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த மலையாண்டியின் ஒரே மகள் அஸ்வினி. பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கேசரி சாப்பிட்டு முடிந்ததும் விருமாண்டியின் தாயார் மாயக்காள், மாப்பிள்ளை வீட்டார் காலங்காலமாகச் சொல்லிவரும் அந்தப் பெருந்தன்மையான வாக்கியத்தைச் சொன்னார்.

"நாங்க எதுவும் கேக்கலண்ணே. ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறதச் செய்யுங்க."

இதைக் கேட்டதும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஏன் வியர்க்கிறது என்பது இதுவரை யாரும் ஆராயாத விஷயம். மலையாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

விருமாண்டியோ வரதட்சணைக்குப் பரம எதிரி. அந்தச் சொல் காதில் விழுந்தாலே முகம் சுளிப்பார். பெண்ணிடம் தனியாகப் பேச அனுமதி கிடைத்தபோது, கிணற்றடியில் நின்று, அவளுக்கு என்ன ஆசை என்று கேட்டார். நான் இதுவரை கடலே பார்த்ததில்லை என்றாள் அஸ்வினி. விருமாண்டியின் நெஞ்சு உருகிவிட்டது. உருகிய நெஞ்சோடு நேரே மலையாண்டியிடம் வந்தார்.

"மாமா, எனக்குன்னு எதுவும் வேணாம். ஒரு மோட்டார் சைக்கிள் போதும். அதுவும் எனக்கில்ல, ஒங்க பொண்ணுக்கு. ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போகணும்ல?"

ராமேஸ்வரத்துக்கு மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் போகிறது என்பதை அந்த நெகிழ்ச்சியான நேரத்தில் யாரும் நினைவுபடுத்தவில்லை. மலையாண்டி ஒத்துக்கொண்டார். ஆவணியில் முகூர்த்தம் என்று முடிவானது. மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியும்தானே என்று அவர் தயங்கித் தயங்கி விசாரித்தார். அது சின்ன விஷயம், வண்டி வந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்று விருமாண்டி தைரியம் சொன்னார்.

சாதாரண மாப்பிள்ளையாக இருந்தால் கடைக்குப் போய், கறுப்பா சிவப்பா என்று பார்த்து, ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பான். விருமாண்டி 'நெடும்பயண வாகனத் தேர்வு ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தார். தலைவர் அவரே. உறுப்பினர், செயலாளர், கையில் ஒரு ஸ்கூட்டர் இருந்த காரணத்தால் போக்குவரத்துப் பொறுப்பாளர் ஆகிய பதவிகளை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரான ஹரிராம் வகித்தார். ஹரிராம் வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியே மதுரைத் தமிழும் பேசுகிறவர். இரண்டிலும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர். குழு தினமும் மாலையில் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் கூடியது. வாழைக்காய் பஜ்ஜி தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது.

இப்படி மைலேஜ், டயர் என்று குழு அமைதியாக ஆராய்ந்துகொண்டிருந்த நாளில், ஹரிராம் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு வெளிநாட்டு மோட்டார் பத்திரிகையை வாங்கி வந்தார். விதி வழவழப்பான தாளில் வந்தது. அதில்தான் 'ஆன்டி-லாக் பிரேக்' என்ற சொல் விருமாண்டியின் கண்ணில் பட்டது.

ஹரிராம் விளக்கினார். "வேகமாப் போறப்ப பிரேக்க ஒரே அமுக்கா அமுக்குனா சக்கரம் பூட்டிக்கிரும் மாப்ள. வண்டி சறுக்கிரும். இந்தப் பிரேக்கு பூட்டிக்க விடாது. விட்டு விட்டுப் பிடிக்கும்."

விருமாண்டி பஜ்ஜியைக் கீழே வைத்தார். அது அவர் வாழ்க்கையில் அரிதாக நடப்பது. "இது இல்லாத வண்டியில அந்தப் புள்ளைய உக்கார வச்சா அது கொலை மாப்ள" என்றார்.

எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வது குழுவின் வழக்கமல்ல. மறுநாள் மாலையே களப்பரிசோதனை நடந்தது. தெப்பக்குளத்துக்குக் கிழக்கே மணல் கொட்டிக் கிடந்த சாலையில் ஹரிராம் ஸ்கூட்டரை ஓட்ட, 'வருங்கால மனைவியின் இடத்தில்' விருமாண்டி அமர்ந்தார். தலைவர் "இப்ப" என்றதும் ஹரிராம் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் சறுக்கியது. ஹரிராம் கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தார். பிடிக்க ஒன்றும் இல்லாத தலைவர் ஓரத்து இளநீர் மட்டைக் குவியலில் போய் இறங்கினார். இளநீர்க்காரர் அரிவாளைத் தள்ளி வைத்துவிட்டு அவரைத் தூக்கிவிட்டார். பின்னால் அமர்பவரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று அங்கேயே, அந்த மட்டைகளின் மேலேயே, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

முழங்கைக் கட்டோடு விருமாண்டி செக்கானூரணிக்குச் சொல்லி அனுப்பினார். பெண்ணின் பாதுகாப்பை முன்னிட்டு ஆவணி முகூர்த்தம் ஒத்திவைக்கப்படுகிறது.

அதன்பிறகு குழு பைபாஸ் ரோட்டில் இருந்த எல்லா வண்டிக் கடைகளையும் ஆய்வு செய்தது. ஆன்டி-லாக் பிரேக் இருக்கிறதா என்று கேட்டால், கழுத்தில் டை கட்டிய பையன்கள் எல்லாம் இருக்கிறது சார் என்றார்கள். எங்கே என்று கேட்டால், உட்காருங்கள் சார், டீ சொல்கிறேன் என்றார்கள். ஒரு கடையில் மட்டும், அந்தப் பிரேக் இங்கே வர இன்னும் நாளாகும், அதற்குப் பதில் ஹெல்மெட் ஒன்று இலவசமாகத் தருகிறோம் என்று உண்மையைச் சொன்னார்கள். விருமாண்டி மறுத்துவிட்டார். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும். பாதுகாப்பில் அக்கறை இருக்கலாம், அதற்காக வழுக்கை விழுவதா?

ஆவணி போயிற்று. ஐப்பசியும் போயிற்று. தேவைகள் மட்டும் வளர்ந்தன. காற்றைத் தடுக்க முன்னால் ஒரு கண்ணாடி வேண்டும். ராமேஸ்வரம் போய்த் திரும்பும்வரை காலியாகாத டேங்க் வேண்டும். சாமான் வைக்கப் பெட்டிகள் வேண்டும். குளிரில் விரல் விறைக்காதிருக்கக் கைப்பிடி தானாகச் சூடாக வேண்டும்.

இந்தக் கடைசி அம்சத்தில் ஹரிராமுக்கே சந்தேகம் வந்தது. "நம்மூர்ல சித்திரையில கைப்பிடியத் தொட்டாலே கொப்புளிக்குது மாப்ள. இன்னும் எம்புட்டுச் சூடு வேணும்?"

"கொடைக்கானல் போக மாட்டமா?" என்று கேட்டார் விருமாண்டி. தொலைநோக்கு என்பது இதுதான்.

கடைசியில் ஹரிராமே யார் யாரிடமோ விசாரித்து, பத்திரிகையில் இருந்த அதே வண்டி சென்னையில் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரிடம் பழையதாக விற்பனைக்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். விலையைக் கேட்டு மலையாண்டி மறுபடி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மல்லிகைத் தோட்டத்தை விற்றுவிடுகிறேன் என்றார். அந்த மல்லிகைதான் அந்த வீட்டில் அடுப்பெரித்தது. அஸ்வினியைக் கணக்கு டீச்சர் ஆக்கியதும் அதுதான். ஆனால் பூ வைத்துப் பேசி ஆறு மாதம் ஆகியும் பெண்ணின் கல்யாணம் நடக்காமல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஊர் ஒரு மாதிரியாகப் பேசத் தொடங்கியிருந்தது. அந்த மனிதர் வேறு என்ன செய்வார்? மாமாவுக்கும் பாதுகாப்பின் அருமை புரிந்துவிட்டதாக விருமாண்டி மகிழ்ந்தார்.

தையில் முகூர்த்தம் குறிக்க, கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு செக்கானூரணிக்குப் புறப்பட்டது. ஹரிராமின் ஸ்கூட்டரில் விருமாண்டி பின்னால் உட்கார்ந்து, அவர் இடுப்பை இறுகப் பிடித்தபடி வந்தார். மாயக்காள் பஸ்ஸில் வந்தார். தோட்டத்தை வாங்குகிறவர் மறுநாள் காலை முன்பணத்தோடு வருவதாக இருந்தது. பத்திரிகையிலிருந்து வெட்டி லேமினேட் செய்த வண்டிப் படத்தை விருமாண்டி உயர்த்திப் பிடித்து, பிரேக்கிலிருந்து கைப்பிடிச் சூடு வரை விளக்கினார். மலையாண்டி புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

காபி கொண்டுவந்த அஸ்வினி படத்தைக் கேட்டு வாங்கினாள். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"கடலுக்குப் போறது இந்த வண்டியிலதானா?"

"இதுலதான்" என்றார் விருமாண்டி பெருமையாக.

"இதுல நான் எங்க உக்கார்றது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டுகிறவருக்கு அகலமான, சாய்ந்துகொள்ள வசதியான ஒரு சீட் இருந்தது. அதற்குப் பின்னால், இன்னொரு சீட் இருக்க வேண்டிய இடத்தில், பெரிய பெட்டி ஒன்று திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

"அது பெட்டி" என்றார் விருமாண்டி.

"பெட்டி தெரியுது. நான் எங்கன்னுதான் கேட்டேன்."

விருமாண்டி ஹரிராமைப் பார்த்தார். ஹரிராம் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாத ஆய்வில் குழு கவனிக்காமல் விட்டது இந்த ஒன்றைத்தான். ஆனால் தலைவன் என்பவன் தளர மாட்டான். அவர் சட்டைக் கையை மடித்து முழங்கைத் தழும்பைக் காட்டினார்.

"பின்னாடி உக்கார்றது எம்புட்டு ஆபத்துன்னு நானே விழுந்து பாத்திருக்கேன். பின் சீட்டே இல்லாததுதான் இருக்கிறதுலயே பாதுகாப்பு. நீ பாட்டுக்குப் பஸ்ல வந்துரு. நான் வண்டியில முன்னாடி போயி, ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருப்பேன்."

அஸ்வினி கொஞ்சம் யோசித்தாள்.

"பஸ்லதான் போகணும்னா, எங்கப்பா தோட்டம் எதுக்கு?" என்றாள். படத்தைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தாள். "நீங்கதான் எதுக்கு?"

திண்டாடிப்போன மாயக்காளுக்கு வாயில் வந்தது பழகிய வாக்கியம்தான். "நாங்க எதுவும் கேக்கலண்ணே."

மலையாண்டி மகளைப் பார்த்தார். ஆறு மாதமாக இறுகிக் கிடந்த முகம் மெல்லத் தளர்ந்தது.

"சரி தங்கச்சி" என்றார். "அப்ப நாங்களும் எதுவும் குடுக்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பனும் மகளும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ராமேஸ்வரம் போனார்கள். மலையாண்டியும் கடல் பார்த்ததில்லை என்பது அங்கே போன பிறகுதான் மகளுக்குத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தண்ணீரில் நின்றதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரிப்பாள். தோட்டத்தில் மல்லிகை இன்னும் பூக்கிறது.

ஆய்வுக் குழு தோற்றுப்போனது என்று ஒத்தக்கடையில் சிலர் கேலி பேசுகிறார்கள். அது அபாண்டம். அந்தப் பெண்ணை விபத்திலிருந்து காப்பாற்றுவதுதான் குழுவின் ஒரே நோக்கம். விபத்து ஒத்தக்கடையிலிருந்து கிளம்பி, ஸ்கூட்டரின் பின் சீட்டில் உட்கார்ந்து, அவள் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அஸ்வினி சரியான நேரத்தில் பிரேக்கைப் போட்டாள். அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை.