தண்ணீர் பார்க்கும் படலம்

மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரத்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா பழனிவேலோ மொட்டை மாடியில், சின்டெக்ஸ் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு, அடியில் படிந்திருந்த மஞ்சள் வண்டலைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, கேசரிய எறக்கவா?" என்று கீழேயிருந்து மனைவி அமராவதி கேட்டாள்.

"எறக்கு, ஏத்து, இன்னா வேணா பண்ணு. கொழாய மட்டும் தொறக்காத!" என்றது தொட்டி.

கடலூரிலிருந்து செம்மங்குப்பம் போகிற வழியில், ரசாயனக் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் அவர் வீடு. அந்தத் தெருவில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே ஆடை கட்டும். வெள்ளை வேட்டி நாலு துவையலில் சாமியார் வேட்டியாகிவிடும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிடலாம். குளிக்க, துலக்க, துவைக்க இதுதான். மகள் இளமதிக்குச் சின்ன வயதிலிருந்தே முழங்கைகளில் அரிப்பு. வெளியே போனால் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வாள்.

மனை வாங்கிய அன்று பழனிவேல் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார், குபேர மூலை பார்த்தார். ஒரு குடம் தண்ணீரை இறைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் அவர் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. மகளையாவது நல்ல தண்ணீர் இருக்கிற ஊரில் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். வரன் வந்தால் வேலை என்ன, சம்பளம் என்ன என்று அவர் கேட்பதில்லை. "ஊர்ல தண்ணி எப்டி?" என்றுதான் கேட்பார்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து போன மாசம் ஒரு வரன் வந்தது. கை கழுவிய மாப்பிள்ளையின் அப்பா விரல்களை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பஜ்ஜி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். 'இந்தத் தண்ணியிலயே வளந்த பொண்ணு, ஒடம்பு எப்டி இருக்குமோ' என்று தரகரிடம் சொன்னார்களாம். இளமதி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அப்பாவைக் குறை சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இந்தச் சிதம்பரத்து வரனைப் பற்றித் தரகர், "அவுங்க ஊட்டுத் தண்ணி இளநி மாரி மாமா" என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். "மாப்பிள்ளைக்கு அப்பா இல்ல. தாய்மாமன்தான் எல்லாம். அவரு ஒண்ணு விடாம நோண்டிப் பாப்பாரு, உஷாரு."

அதனால்தான் பழனிவேல் தொட்டியைக் காலி செய்து, நேற்றே லாரித் தண்ணீரை நிரப்பினார். கண்ணாடி மாதிரி இருந்தது. காலையில் எழுந்த இளமதி பழக்க தோஷத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டாள். போர் தண்ணீர் மேலே ஏறிக் கலந்து, தொட்டி முழுக்கப் பழைய மஞ்சள்.

லாரிக்கு போன் போட்டால், "இன்னிக்கு வண்டி இல்லண்ணே" என்றார்கள். தொட்டியை மறுபடி காலி செய்து, தேய்த்து முடித்ததும் கேன் கடைக்கு ஓடினார். கடையிலிருந்த அத்தனை கேன்களையும் ஆட்டோவில் ஏற்றி, மாடிக்குத் தூக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் கடலூரிலேயே கக்கூஸ் குழாயிலும் மினரல் வாட்டர் வருகிற வீடு அன்று அவருடையது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு லூர்துசாமியிடமும் சொல்லி வைத்தார். "யாராச்சும் கேட்டா தண்ணி நல்லா இருக்குன்னு சொல்லு மச்சான். பொண்ணு வாழ்க்க."

"மாதா சத்தியமா சொல்றேன், போ" என்றார் லூர்துசாமி.

வேன் வந்து நின்றது. பெண்களும் பிள்ளைகளுமாக இறங்கினார்கள். அந்தக் கும்பலோடு, தோளில் பை மாட்டிய, கண்ணாடி போட்ட ஓர் ஆள் உள்ளே வந்தார். வந்தவர் யாரிடமும் பேசவில்லை. நேராக வாசல் குழாய்க்குப் போய்த் திறந்தார். உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்தார். தாய்மாமன்! பழனிவேல் கும்பிட்டபடி எதிரே ஓடினார்.

"வாங்க மச்சான், வாங்க!"

அந்த ஆள் ஒரு கணம் விழித்தார். "கொஞ்சம் தண்ணி பாக்கணும் சார்."

"நல்லா பாருங்க! அதுக்குத்தான வந்துருக்கீங்க."

"இது போர் தண்ணிதானா?"

"சுத்தமான போர் தண்ணி."

"லாரித் தண்ணி எதுவும் கலக்கலியே?"

"எங்கூட்டு வாசல்ல லாரியே நின்னதில்ல மச்சான்!" இது பச்சைப் பொய். தெருச் சேற்றில் லாரியின் டயர்த் தடம் இன்னும் காயவில்லை. பழனிவேல் நகர்ந்து அதன்மேல் நின்றுகொண்டார்.

அந்த ஆள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நிரப்பினார். 'யப்பா, பாட்டிலோடு வந்திருக்கிறானே' என்று பழனிவேல் மனதுக்குள் மலைத்தார். "பக்கத்து வூட்லயும் ஒரு பாட்டில் புடிச்சிக்கிறேன்" என்று அந்த ஆள் கிளம்ப, பழனிவேலுக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு மச்சான் அங்கல்லாம்? இந்தத் தெருவுக்கே ஒரே தண்ணிதான். இங்கயே புடிங்க, குடுங்க நான் புடிக்கிறேன்." இரண்டாவது பாட்டிலைத் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தார். மதில்மேல் எட்டிப்பார்த்த லூர்துசாமியும் தன் கடமையைச் செய்தார்.

"இளநி சார்! சக்கரையே போட வேணாம்!"

அந்த ஆளை விட்டால் ஆபத்து என்று பழனிவேல் உள்ளே இழுத்துப் போய் மாப்பிள்ளை அருள்முருகன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். கேசரி, பஜ்ஜி எல்லாம் முதலில் அவருக்குத்தான் போயின. அவரும் முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் பஜ்ஜிக்குச் சட்னி கேட்டார்.

இளமதி காப்பி கொண்டுவந்தாள். அருள்முருகன் அவளைப் பார்த்தான். அவள் துப்பட்டாவை இழுத்துவிட மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, கேன் தூக்கிய இடுப்பு வலி பழனிவேலுக்குப் பறந்துபோயிற்று.

கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா, ஈர முகத்தோடு அப்படியே நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"எங்கூட்டுத் தண்ணி ஒரே உப்புண்ணே. வாயில வைக்க முடியாது. மருமவளா வர்ற பொண்ணு பயந்துடப் போவுதுன்னு, தரகருகிட்ட நான்தான் இளநி மாரின்னு சொல்லச் சொன்னேன். இப்ப உங்கூட்டுத் தண்ணியப் பாத்ததும் மனசு கேக்கல. இவனுக்கு வேலையும் கடலூர்லதான். கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும். பொறக்கப்போற புள்ளைங்களாச்சும் இந்தத் தண்ணியக் குடிச்சி வளரட்டும்ணே."

பழனிவேல் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். இளமதி அருள்முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ராத்திரி அவள் சாப்பிடாமல் படுப்பதை அவரால் பார்க்க முடியாது.

"அதுக்கென்னம்மா," என்றார். "நம்ம ஊடுதான."

பூவும் வெற்றிலையும் மாறின. தை மாசம் கல்யாணம் என்று முடிவாயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். பழனிவேலும் சிரித்தார். உள்ளுக்குள் அழுகை முட்டியது. எந்தத் தண்ணீரிலிருந்து மகளைத் தப்பிக்க வைக்க இத்தனை ஆட்டம் ஆடினாரோ, அதே தண்ணீருக்கு மாப்பிள்ளையையும் அல்லவா சேர்த்து இழுத்துவிட்டார்! பேரப்பிள்ளையை எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுவது?

வழியனுப்ப வாசலுக்கு வந்தபோதுதான் அந்த நினைப்பு வந்து அவரைத் தூக்கி நிறுத்தியது. கூட்டுக் குடிநீர்க் குழாய்! தெருவுக்கு இழுக்கச் சொல்லி இரண்டு வருஷமாகக் கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிறார். போர் தண்ணீரைச் சோதித்து மோசம் என்று தெரிந்தால் உடனே குழாய் போட்டுவிடுவோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கே போய்க் காலில் விழுந்தாவது ஆளை வரவழைக்க வேண்டும். தை மாசத்துக்குள் குழாய் வந்துவிட்டால் இன்றைய பொய் பொய்யே இல்லை. அவருக்கு மூச்சு சீராயிற்று.

"தம்பிக்குக் காய்ச்சல்ணே, அதான் அவன் வர முடியல. கல்யாணத்துக்கு மொத ஆளா வந்துருவான்" என்று வேன் ஜன்னலிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கையாட்டினார். வேன் திரும்பி மறைந்தது.

எந்தத் தம்பி என்று பழனிவேல் யோசித்தபடி திரும்பினார். கண்ணாடிக்காரர் வாசலில் நின்று, பாட்டில்களின் மேல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், வண்டி போயிடுச்சே! நீங்க ஏறலியா?"

அந்த ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு, பாட்டில்களைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"நான் கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து தண்ணி டெஸ்டுக்கு வந்தவன் சார், இவ்ளோ நல்ல தண்ணிய வெச்சிக்கினு, ரெண்டு வருசமா ஏன் சார் எங்கள அலைய வெச்சீங்க?"